உங்கள் கார்டுக்கு என்னென்ன தெரியும் என்று டிரைவர் எப்படிச் சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கணினி, நல்ல கிராபிக்ஸ் கார்டு. ஆனாலும் ஒரு கேமைத் திறந்தால் "ஓப்பன்ஜிஎல் 3.3 தேவை, உங்கள் கணினியில் இல்லை" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அல்லது கார்டைக் கொண்டு படம் வரையும் ஒரு ரெண்டரிங் புரோகிராமை நீங்களே எழுதுகிறீர்கள். உங்கள் கணினியில் ஓடுவது நண்பர் கணினியில் கறுப்புத் திரையாக நிற்கிறது. பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கார்டால் என்ன முடியும் என்று, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிடம் புரோகிராம் கேட்கும் கேள்வி தவறான இடத்தில் கேட்கப்பட்டது, அல்லது வந்த பதில் தவறாகப் படிக்கப்பட்டது. பல வருடங்களாக இந்தப் பிழைகளைத் துரத்தியவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

டிரைவர் "அறிவிக்கிறது" என்றால் யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள்?

ஓப்பன்ஜிஎல், வல்கன், டைரக்ட்3டி, மெட்டல் ஆகியவற்றை ரெண்டரிங் இடைமுகங்கள் என்கிறோம். புரோகிராம் இவற்றின் வழியாகத்தான் கார்டிடம் வேலை வாங்குகிறது. எந்த இடைமுகம் இருக்கிறது, அதில் எந்தப் பதிப்பு, கூடுதலாக எந்த வசதிகள், எவ்வளவு பெரிய டெக்ஸ்சர் (உருவத்தின் மேல் ஒட்டும் படம்) வரை தாங்கும் என்றெல்லாம் புரோகிராம் ஓடத் தொடங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் சொல்வது டிரைவர்.

ஆனால் கேட்டவருக்கும் டிரைவருக்கும் நடுவில் ஆட்கள் இருக்கிறார்கள். இயங்குதளம் தரும் நூலகம் ஒன்று, டிரைவரைத் தேடிப் பிடித்து ஏற்றும் லோடர் ஒன்று, சில சமயம் ஒரு இடைமுகத்தை இன்னொன்றாக மொழிபெயர்க்கும் அடுக்கு ஒன்று. "இந்தக் கார்டு 4.6 தாங்கும்" என்பதைக் கார்டின் நிலையான குணம் போலப் பேசுகிறோம். நடைமுறையில் அது இந்தச் சங்கிலி முழுவதும் சேர்ந்து, நீங்கள் கேட்ட குறிப்பிட்ட கேள்விக்கு, அந்த நேரத்தில் தந்த பதில். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் குழப்பங்களில் பாதி தானாகவே தீரும்.

கார்டு 4.6 தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். புரோகிராமில் கேட்டால் 1.1 என்று வருகிறதே?

விண்டோஸில்தானே? ரெண்டரர் பெயராக "ஜிடிஐ ஜெனரிக்" என்றும், தயாரிப்பாளராக மைக்ரோசாஃப்ட் என்றும் வந்தால், உங்கள் கேள்வி கார்டின் டிரைவரைப் போய்ச் சேரவே இல்லை. விண்டோஸ் கூடவே வரும் ஓப்பன்ஜிஎல்32 நூலகத்துக்குள் கார்டு இல்லாமல் சிபியுவிலேயே படம் வரையும் ஒரு பழைய மென்பொருள் ரெண்டரர் இருக்கிறது. உண்மையான டிரைவர் கிடைக்காதபோது அதுதான் பதில் சொல்லும். அது அறிந்தது 1997-இல் வந்த 1.1 பதிப்பு மட்டும்.

காரணங்கள் பல. தயாரிப்பாளரின் டிரைவர் நிறுவப்படாமல் பொதுவான டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் இருக்கலாம். ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்திருக்கலாம். டிரைவர் சரியாகவே இருந்தும், நீங்கள் கேட்ட பிக்சல் ஃபார்மேட் (திரைப்புள்ளிகளின் நிறத்தைச் சேமிக்கும் முறை) கார்டால் தர முடியாததாக இருந்து, விண்டோஸ் சத்தமில்லாமல் மென்பொருள் ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். இந்த மூன்றாவதுதான் அதிகம் அலைக்கழிப்பது, ஏனென்றால் எங்கும் பிழைச்செய்தி வராது.

லினக்ஸில் இதற்கு இணையான அடையாளம் "எல்எல்விஎம்பைப்" என்ற பெயர். அது, லினக்ஸுக்குத் திறந்தமூல கிராபிக்ஸ் டிரைவர்களைத் தரும் மெசா திட்டத்தின் மென்பொருள் ரெண்டரர். ஜிடிஐ ஜெனரிக் போல 1.1-இல் நின்றுவிடுவதில்லை, புதிய ஓப்பன்ஜிஎல் பதிப்புகளையும் தாங்குகிறது. அதனால் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். கேம் மட்டும் ஆமை போல நகரும். பதிப்போடு ரெண்டரர் பெயரையும் சேர்த்தே பாருங்கள்.

பதிப்பைக் கேட்டால் வெற்றுப் பதில் வருகிறது. டிரைவரில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஓப்பன்ஜிஎல்லில் முதலில் ஒரு கான்டெக்ஸ்ட் (ஓப்பன்ஜிஎல்லின் நிலையைச் சுமக்கும் பணிக்களம்) உருவாக்கி, அதை நடப்பு கான்டெக்ஸ்டாக்கிய பிறகுதான் எதையும் கேட்க முடியும். அதற்கு முன்னால் கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆளே இல்லை. கான்டெக்ஸ்ட் ஒரு திரெட்டுக்கு (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழைக்கு) உரியது என்பதையும் மறக்காதீர்கள். வேறு திரெட்டிலிருந்து கேட்டாலும் இதே வெற்றுப் பதில்தான்.

ஒரே கணினியில் ஒரு புரோகிராமுக்கு 2.1, இன்னொன்றுக்கு 4.1 என்று சொல்கிறது. எது உண்மை?

இரண்டும் உண்மை. 2009-இல் வந்த ஓப்பன்ஜிஎல் 3.2 பதிப்பில் கோர், கம்பாட்டிபிலிட்டி என்று இரண்டு புரொஃபைல்கள் பிரிந்தன. கோர் என்றால் பழைய வசதிகளை வெட்டிய வடிவம். கம்பாட்டிபிலிட்டி என்றால் 1992 முதல் வந்த எல்லாவற்றையும் சுமந்து வருவது. எல்லா டிரைவரும் இரண்டையும் ஒரே உயரத்துக்குத் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேக் கணினிகளில் எதுவும் குறிப்பிடாமல் கேட்டால் 2.1, கோர் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டால் 4.1 வரை. அதற்கு மேல் ஆப்பிள் போகவே இல்லை. 2018-இல் ஓப்பன்ஜிஎல்லையே கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்துவிட்டது. லினக்ஸில் மெசாவும் பல ஆண்டுகள் கம்பாட்டிபிலிட்டியைக் கீழேயே நிறுத்தி, கோருக்கு மட்டும் உயர்ந்த எண்களைத் தந்தது.

ஆகவே "இந்தக் கணினியில் என்ன பதிப்பு" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்தப் புரொஃபைலைக் கேட்டீர்கள் என்பதும் விடையின் ஒரு பகுதி.

எக்ஸ்டென்ஷன் பட்டியலை எப்படிப் படிப்பது?

இதை விரிவாகவே சொல்கிறேன். இங்கே நடந்த தவறுகள் அத்தனையும் இன்றுவரை நம்மைத் தொடர்கின்றன.

அடிப்படைப் பதிப்பில் இல்லாத ஒரு வசதியை டிரைவர் தர விரும்பினால், அதற்கு ஒரு பெயர் வைத்துப் பட்டியலில் சேர்க்கும். ஆரம்பத்தில் இந்தப் பெயர்கள் எல்லாம் இடைவெளி விட்டு ஒரே நீள வரியாக வந்தன. அன்றைய கார்டுகளில் பத்து, இருபது பெயர்கள். அதனால் சில கேம்களை எழுதியவர்கள் அந்த வரியைக் நினைவகத்தில் குறிப்பிட்ட அளவுள்ள ஒரு பெட்டிக்குள் நகலெடுத்தார்கள், நீளத்தைச் சரிபார்க்காமலே. கார்டுகள் வளர்ந்தன, பட்டியல் நூற்றுக்கணக்கான பெயர்களாக நீண்டது, பெட்டி வழிந்தது, கேம் விழுந்தது. கார்டு அதிகம் தாங்கியதே குற்றமாகிப் போனது!

இந்தப் பழைய கேம்களைக் காப்பாற்ற மெசாவில் ஓர் ஏற்பாடு உண்டு. ஒரு சூழல் மாறியில் (புரோகிராமுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்பில்) ஆண்டைக் குறிப்பிட்டால், அந்த ஆண்டு வரை வந்த எக்ஸ்டென்ஷன்களை மட்டும் டிரைவர் சொல்லும். கேம் எந்த ஆண்டில் வந்ததோ அந்த உலகத்தையே அதற்குக் காட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. பழைய புரோகிராமைத் திட்டுவதற்குப் பதிலாக அதன் கண்ணுக்கு ஏற்றபடி பேசுகிறது.

அடுத்த தவறு, பெயரைத் தேடும் விதம். வரிக்குள் ஒரு சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடினால் போதும் என்று பலர் நினைத்தார்கள். ஆனால் "டெக்ஸ்சர்" என்று முடியும் ஒரு பெயர், "டெக்ஸ்சர்3டி" என்று முடியும் இன்னொரு பெயரின் முன்பாதியாக இருக்கும். நீளப் பெயர் மட்டும் இருக்கும் கணினியில் குட்டிப் பெயரும் இருப்பதாகப் புரோகிராம் நம்பிவிடும். முழுப் பெயரை, இரு பக்க எல்லையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்.

2008-இல் வந்த 3.0 பதிப்பு இதற்கு ஒழுங்கான வழி தந்தது. மொத்தம் எத்தனை என்று முதலில் கேட்கலாம், பிறகு ஒவ்வொன்றாக எண் சொல்லி வாங்கலாம். கோர் புரொஃபைலில் பழைய ஒற்றை வரி முறையே எடுக்கப்பட்டுவிட்டது. கேட்டால் பிழைதான் வரும். பழைய பாடங்களைப் பார்த்து எழுதிய புரோகிராம்கள் கோர் கான்டெக்ஸ்டில் "ஒரு எக்ஸ்டென்ஷனும் இல்லை" என்று சொல்வது இதனால்தான்.

ஒரு வசதியைப் பயன்படுத்த அழைக்க வேண்டிய ஃபங்ஷனின் முகவரியைக் கேட்டேன், கிடைத்தது. அப்படியானால் வசதி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. லினக்ஸில், ஓப்பன்ஜிஎல்லைச் சன்னல் அமைப்போடு இணைக்கும் ஜிஎல்எக்ஸ் வழியாகக் கேட்டால், டிரைவருக்குத் தெரியாத ஃபங்ஷனுக்குக்கூட ஒரு முகவரி வரலாம். கான்டெக்ஸ்ட் எதுவும் இல்லாத நேரத்திலேயே கேட்க முடிவதால், எந்த டிரைவர் பதில் சொல்லப்போகிறது என்பதே அப்போது தெரியாது. விண்டோஸில் நிலைமை வேறு: முகவரி கான்டெக்ஸ்டைப் பொறுத்தது, 1.1 காலத்து ஃபங்ஷன்களுக்கு இந்த வழியில் வெற்றுப் பதில் வரலாம், சில டிரைவர்கள் தோல்விக்கு வெற்றுக்குப் பதிலாக 1, 2, 3 போன்ற எண்களைத் தந்திருக்கின்றன. முதலில் பதிப்பையோ எக்ஸ்டென்ஷன் பெயரையோ சரிபாருங்கள், அப்புறம் முகவரியைக் கேளுங்கள்.

ஈஜிஎல்லில் எந்த இடைமுகங்கள் உண்டு என்று எப்படித் தெரியும்?

ரெண்டரிங் இடைமுகங்களைத் திரையோடு இணைக்கும் அடுக்குதான் ஈஜிஎல். அதில் இரண்டு இடங்களில் பார்க்க வேண்டும். முதலாவது, டிஸ்ப்ளே முழுவதுக்கும் பொதுவான ஒரு சிறு வரி: "ஓப்பன்ஜிஎல்", "ஓப்பன்ஜிஎல் ஈஎஸ்" (கைபேசி போன்ற சாதனங்களுக்கான சிறிய வடிவம்) என்று பெயர்கள் மட்டும் இருக்கும், பதிப்பு இருக்காது. இரண்டாவது, ஒவ்வொரு கான்ஃபிகிலும் (ஈஜிஎல் தரும் திரையமைப்புத் தேர்வு) இருக்கும் ஒரு எண். அதில் ஈஎஸ் 1-க்கு 1, இருபரிமாண வரைவுக்கான ஓப்பன்விஜிக்கு 2, ஈஎஸ் 2-க்கு 4, முழு ஓப்பன்ஜிஎல்லுக்கு 8, ஈஎஸ் 3-க்கு 64 என்று பிட்கள் உண்டு. 77 என்று வந்தால் ஓப்பன்விஜி தவிர மற்ற நான்கும் இருக்கின்றன என்று படிக்கலாம்.

மெசாவுக்குள் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது சுவையான விஷயம். டிரைவர் தன் திரையைத் தயார் செய்யும்போது, கோர், கம்பாட்டிபிலிட்டி, ஈஎஸ் 1, ஈஎஸ் 2 மற்றும் அதற்கு மேல் என்று ஒவ்வொன்றுக்கும் தன்னால் முடிந்த அதிகபட்சப் பதிப்பைக் கணக்கிட்டு வைக்கிறது. எதற்கெல்லாம் பூஜ்யத்துக்கு மேல் வந்ததோ அதற்குரிய பிட்டை ஏற்றி, ஒரே எண்ணாக மேலே இருக்கும் ஈஜிஎல் அடுக்கிடம் நீட்டுகிறது. ஈஜிஎல் அதைப் பார்த்துத்தான் உங்களுக்குப் பதில் சொல்கிறது. மெசாவைத் தொகுக்கும்போது ஈஎஸ் 1-ஐ வேண்டாம் என்று விட்டுவிட்டால் அந்த பிட் காணாமல் போகும். கார்டு அதேதான், பதில் மட்டும் மாறிவிடும்.

வல்கனில் இந்தக் குழப்பமெல்லாம் தீர்ந்துவிட்டதா?

நிறையவே தீர்ந்தது. 2016-இல் வந்த வல்கன், கேட்கும் முறையையே புதிதாக வகுத்தது. கான்டெக்ஸ்ட், சன்னல் எதுவும் இல்லாமலே கேட்கலாம். கணினியில் எத்தனை ஜிபியு (கிராபிக்ஸ் செயலி) உண்டோ அத்தனையும் தனித்தனியாகப் பட்டியலில் வரும். ஒவ்வொன்றிடமும் பண்புகள், வசதிகள், வரம்புகள், ஃபார்மேட்கள், எக்ஸ்டென்ஷன்கள் என்று பிரித்துப் பிரித்துக் கேட்கலாம்.

டிரைவர்களைக் கண்டுபிடிப்பது லோடரின் வேலை. லினக்ஸில் குறிப்பிட்ட சில கோப்புறைகளில் ஒவ்வொரு டிரைவரும் ஒரு சின்ன ஜேசன் கோப்பை வைத்திருக்கும். "என் நூலகம் இங்கே இருக்கிறது, நான் இந்தப் பதிப்பு" என்பதுதான் அதன் உள்ளடக்கம். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரி இந்தக் கோப்புகளுக்கு வழி காட்டும். டிரைவரை நீக்கிய பிறகும் அதன் ஜேசன் கோப்பு மட்டும் தங்கிவிட்டால் லோடர் அங்கே போய் முட்டிக்கொள்ளும். வல்கன் சாதனம் எதுவும் கிடைக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கோப்புறையைத்தான்.

வரம்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வல்கன் ஒவ்வொரு வரம்புக்கும் கீழ்மட்டம் வைத்திருக்கிறது. இருபரிமாணப் படத்தின் பக்கம் குறைந்தது 4096, கார்டில் ஓடும் புரோகிராமுக்கு நேராகத் தரும் சிறு தரவான புஷ் கான்ஸ்டன்ட் குறைந்தது 128 பைட் (1.4 பதிப்பில் இது 256 ஆனது). கீழ்மட்டத்துக்குள் நின்றால் கேட்கவே வேண்டாம், எங்கும் ஓடும். தாண்டினால் கேட்டே தீர வேண்டும். டெக்ஸ்சர் சுருக்கமும் அப்படித்தான்: பிசி (பிளாக் கம்ப்ரெஷன்), ஈடிசி2, ஏஎஸ்டிசி என்ற மூன்று முறைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதே விதி, எது என்பது கார்டைப் பொறுத்தது. மேசைக் கணினியில் பெரும்பாலும் பிசி, கைபேசியில் மற்ற இரண்டு.

ஓப்பன்ஜிஎல்லிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வல்கனில் ஒரு வசதி "இருக்கிறது" என்று டிரைவர் சொன்னதும் அது உங்களுக்குக் கிடைத்துவிடாது. சாதனத்தை உருவாக்கும்போது "எனக்கு இது வேண்டும்" என்று நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் பயன்படுத்தினால் ஒரு கார்டில் ஓடும், இன்னொன்றில் விழும். இது டிரைவரின் பிழை இல்லை.

வல்கனில் லோடர் 1.3 என்கிறது, கார்டு 1.1 என்கிறது. எதை நம்புவது?

கார்டு சொல்வதை. லோடரின் எண், நடுவில் நிற்கும் நூலகத்தின் வயதை மட்டுமே காட்டும். நீங்கள் கேட்டிருக்கும் பதிப்பு, கார்டு சொல்லும் பதிப்பு, இரண்டில் சிறியதுதான் உங்கள் எல்லை. தொடக்க கால 1.0 டிரைவர்களிடம் அதைவிட உயர்ந்த எண்ணைக் கேட்டால் "பொருந்தாத டிரைவர்" என்று மறுத்துவிடும். 1.1 முதல் அப்படி மறுக்கக்கூடாது என்று விதி மாறியது.

வல்கன் காட்டும் டிரைவர் எண் நான் நிறுவிய எண்ணோடு பொருந்தவில்லையே?

அந்த 32 பிட் எண்ணை எப்படி அடுக்குவது என்பதை வல்கன் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது. வல்கன் தன் சொந்தப் பதிப்புக்கு முதலில் வகுத்த முறை 10, 10, 12 பிட்கள். என்விடியா தன் டிரைவர் எண்ணுக்கு 10, 8, 8, 6 என்று பிரிக்கிறது. அதனால் 535.129.03 என்ற டிரைவரை முதல் முறையில் பிரித்தால் 535.516.192 என்று வரும். எண்ணை நீங்களே பிரிக்காமல், 1.2 முதல் எல்லா டிரைவரும் தரும் பெயர், விவரம் என்ற எழுத்து வடிவப் பதில்களைக் காட்டுங்கள்.

"டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறது" என்று விண்டோஸ் சொல்லியும் கேம் மறுக்கிறது. ஏன்?

டிஎக்ஸ்டயாக் என்ற விண்டோஸ் கருவியின் முதல் பக்கத்தில் இருக்கும் 12, விண்டோஸில் இருக்கும் இடைமுகத்தின் பதிப்பு. உங்கள் கார்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போய் "ஃபீச்சர் லெவல்கள்" என்ற வரியைப் பாருங்கள். அங்கே 12_1, 11_0 என்று வருவதுதான் கார்டின் பதில். டைரக்ட்எக்ஸின் கிராபிக்ஸ் பகுதியான டைரக்ட்3டி 12 இடைமுகம் 11_0 தாங்கும் கார்டிலும் ஓடும். அந்த இடைமுகம் இருப்பதாலேயே கார்டு 12_0 நிலைக்கு வந்துவிடாது. 2020-இல் வந்த 12_2 நிலையைத்தான் டைரக்ட்எக்ஸ் 12 அல்டிமேட் என்ற பெயரில் பார்க்கிறீர்கள்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. டைரக்ட்3டி 11-இல் நீங்கள் விரும்பும் நிலைகளை வரிசையாகக் கொடுத்தால் முதலில் பொருந்துவது கிடைக்கும். பட்டியல் எதுவும் கொடுக்காவிட்டால் 11_1 அதில் சேராது. ஆனால் பிளாட்ஃபார்ம் அப்டேட் இல்லாத விண்டோஸ் 7 போன்ற பழைய அமைப்பில் 11_1-ஐப் பட்டியலில் வைத்தால் "அடுத்ததைப் பார்க்கிறேன்" என்று நகராது, மொத்தக் கோரிக்கையையும் தள்ளிவிடும். அப்போது 11_1 இல்லாமல் இன்னொரு முறை கேட்க வேண்டும்.

ஆண்ட்ராய்ட் கைபேசியில் 196610 என்று ஒரு எண் வருகிறது. அது என்ன?

ஓப்பன்ஜிஎல் ஈஎஸ் 3.2. முதன்மை எண்ணை 65536-ஆல் பெருக்கி, துணை எண்ணைக் கூட்டியிருக்கிறார்கள். 196608 என்றால் 3.0, 131072 என்றால் 2.0.

ஈஎஸ் பதிப்பை எழுத்து வடிவில் கேட்டால், வரி எண்ணில் தொடங்காமல் "ஓப்பன்ஜிஎல் ஈஎஸ்" என்ற சொற்களில் தொடங்கும். முதல் எழுத்தை எண்ணாக மாற்றிப் பார்க்கும் புரோகிராம் அங்கே பூஜ்யத்தைப் படித்துவிட்டு நின்றுபோகும்.

டிரைவர் பொய் சொல்லுமா?

கடுமையான சொல். ஆனால் கேட்பவர் யார் என்று பார்த்துப் பதிலை மாற்றும் டிரைவர்கள் உண்டு. மெசாவோடு வரும் ஓர் அமைப்புக் கோப்பில் புரோகிராம்களின் பெயர்கள் இருக்கின்றன. இந்தக் கேம் கேட்டால் தயாரிப்பாளர் பெயரை இப்படிச் சொல், அந்தக் கேம் கேட்டால் ஷேடர் (கார்டில் ஓடும் சிறு புரோகிராம்) பதிப்பை அப்படி வைத்துக்கொள் என்று. டைரக்ட்3டி அழைப்புகளை வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகேயில் என்விடியா கார்டை ஏஎம்டி கார்டு போலக் காட்டும் வசதி இருக்கிறது. என்விடியா என்று தெரிந்ததும் அதற்கே உரிய நூலகத்தைத் தேடிப் போய்ச் சிக்கிக்கொள்ளும் கேம்களுக்காக அது செய்யப்பட்டது. இவையெல்லாம் புரோகிராம்கள் தவறாகக் கேட்டதால் டிரைவர் எழுதியவர்கள் சுமக்க நேர்ந்த சுமை.

"இருக்கிறது" என்ற சொல்லுக்கு "வேகமாக இருக்கிறது" என்ற பொருள் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு வசதி மென்பொருளில் மெதுவாகச் செய்யப்பட்டாலும் இருக்கிறது என்றே பதில் வரும். வேகம் முக்கியமானால், அந்தக் கணினியிலேயே ஒரு சிறு சோதனை ஓட்டி அளந்துவிடுங்கள்.

கார்டின் பெயரைப் பார்த்தே முடிவெடுத்துவிட்டால் என்ன?

நானும் ஒரு காலத்தில் அப்படிச் செய்தேன். ஒரு கார்டு வரிசையில் ஒரு ஷேடர் பிழை இருந்தது. பெயரில் அந்த எண் இருந்தால் மாற்று வழியில் போ என்று எழுதினேன். அடுத்த டிரைவரில் பிழை சரியானது, என் புரோகிராம் மட்டும் மெதுவான வழியிலேயே வருடக்கணக்கில் ஓடியது. யாரும் புகார் செய்யவில்லை, அதனால் எனக்கும் தெரியவில்லை. பயனர்கள் இழந்த அந்த வேகத்தை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

வசதியைக் கேளுங்கள், பெயரைக் கேட்காதீர்கள். தெரிந்த பிழையைத் தவிர்க்க வேறு வழியே இல்லையென்றால், கார்டின் பெயரோடு டிரைவர் பதிப்பின் எல்லையையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டு ஜிபியு உள்ள மடிக்கணினியில் யார் பதில் சொல்வது?

ஓப்பன்ஜிஎல்லில், எந்த ஜிபியுவில் கான்டெக்ஸ்ட் உருவானதோ அது. பல மடிக்கணினிகளில் அது மின்சாரம் குறைவாகத் தின்னும் உள் ஜிபியு. லினக்ஸில் சூழல் மாறிகளாலும் விண்டோஸில் கிராபிக்ஸ் அமைப்புப் பக்கத்திலும் மாற்றலாம். வல்கனில் இரண்டும் பட்டியலில் வரும், தேர்வு உங்களுடையது. கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுக்காதீர்கள். அது மென்பொருள் சாதனமாகக்கூட இருக்கலாம். சாதன வகை என்ற பண்பைப் பாருங்கள்.

உயர்ந்த பதிப்பைச் சொல்லும்படி டிரைவரைக் கட்டாயப்படுத்தலாமா?

மெசாவில் முடியும், ஒரு சூழல் மாறியில் 4.5 என்று எழுதினால் 4.5 என்றே சொல்லும். சொல்வது மட்டும்தான் மாறும், இல்லாத வசதி முளைக்காது. அதிகமாகக் கேட்டுவிட்டுக் கொஞ்சமாகப் பயன்படுத்தும் கேம்கள் இதனால் ஓடுவதுண்டு. மற்றவை படம் கலைந்து விழும். வைத்துப் பார்க்கலாம், ஆனால் அந்த நிலையில் வந்த பிழையை டிரைவர் குழுவுக்குப் புகாராக அனுப்பாதீர்கள்.

பிழை அறிக்கையில் எதைச் சேர்க்க வேண்டும்?

லினக்ஸ் என்றால் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ, ஈஜிஎல்இன்ஃபோ, வல்கன்இன்ஃபோ மூன்றின் வெளியீடும். விண்டோஸ் என்றால் டிஎக்ஸ்டயாக் சேமிக்கும் முழு அறிக்கை. இவற்றோடு, உங்கள் புரோகிராம் எந்த இடைமுகத்தை, எந்தப் புரொஃபைலில், எந்தப் பதிப்பில் கேட்டது, என்ன கிடைத்தது என்பதை அதன் சொந்தப் பதிவிலிருந்து எடுத்துக் கொடுங்கள். வெளியே ஓடும் கருவிக்கு வந்த பதிலும் உங்கள் புரோகிராமுக்கு வந்த பதிலும் வேறாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் பிழை திருத்துபவர் முதலில் தேடும் தடயம். அப்படி ஒரு பதிவே உங்கள் புரோகிராமில் இல்லையென்றால் தொடக்கத்தில் நான்கு வரி எழுதும்படி இன்றே சேர்த்துவிடுங்கள்: தயாரிப்பாளர், ரெண்டரர், பதிப்பு, கேட்டது என்ன.